வீட்டுப் பூனைக்கும் ஆட்டுக்கும் உண்டாகும் சொறியும் தினவும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய கரையோர ஊர்களில் வீட்டினுள் உரிமையோடு நடமாடும் பிராணி பூனையேயாகும். நாய் வயல் வாடியிலோ தெருவிலோ நிற்கின்றது. ஆடு வளவின் மூலையிற் கட்டப்பட்டிருக்கின்றது. பூனையோ பாயிலும் குசினியிலும் பிள்ளைகளின் மடியிலும் கிடக்கின்றது. அது அசுத்தமான பிராணியன்று என்று மார்க்கத்திற் கூறப்பட்டிருப்பதால் அதனை எவரும் விலக்குவதுமில்லை. ஆகையாற் பூனையின் தோலில் உண்டாகும் நோய் பூனையோடு நின்றுவிடுவதில்லை; வீட்டாருக்கும் அதிற் பங்குண்டு.

மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாது சொறிந்துகொண்டிருக்கும் பூனையைக் கண்டால் ‘சொறி பிடித்துவிட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அதன் பின்னர் நடப்பது பெரும்பாலும் இரண்டிலொன்று. ஒன்றில் அதனைச் சாக்கிலிட்டுச் சந்தைப் பக்கத்திலோ கடற்கரையிலோ விட்டுவிடுகின்றனர். அல்லது கைக்கு எட்டிய ஏதேனுமொரு மருந்தைப் பூசிவிடுகின்றனர். முதலாவது செயலால் நோய் வேறொரு தெருவுக்குப் போகின்றதேயன்றி ஒழிவதில்லை. இரண்டாவது செயலாற் பூனை இறந்துபோவதும் உண்டு. சொறி என்பது ஒரு நோயின் பெயரன்று. தெள்ளு, சிற்றுண்ணி, பங்கசு, ஒவ்வாமை எனக் காரணங்கள் வேறு. அவற்றுக்கேற்ற மருந்துகளும் வேறு.

பூனைகளின் தினவுக்கு எங்கும் பொதுவாகக் காணப்படும் காரணம் தெள்ளாகும். பூனைத் தெள்ளு என வழங்கும் இனமே பூனையையும் நாயையும் பெரும்பாலும் பீடிப்பது. தெள்ளு கண்ணில் அகப்படாமையால் ‘எங்கள் பூனையிற் தெள்ளில்லை’ என்று பலர் உறுதியாகக் கூறுவர். பூனை நாள்தோறும் தன் உடலை நக்கித் தெள்ளுகளை விழுங்கிவிடுவதால் அவை கண்ணுக்குப் புலப்படாதிருத்தல் வியப்பன்று. இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நெருக்கமான பற்களையுடைய பேன்சீப்பினாற் பூனையின் முதுகையும் வாலடியையும் வாரி, சீப்பில் வரும் அழுக்கை நனைந்த வெள்ளைத் துணியிற் தட்ட வேண்டும். கருமையான சிறு துகள்கள் விழுந்து, சிறிது நேரத்தில் அவற்றைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அவை தெள்ளின் எச்சங்களாம். அந்நிறம் தெள்ளு உறிஞ்சிய இரத்தத்தின் நிறம். சாதாரண மண்ணாயின் நிறம் பரவாது.

பூனையின் உடலிற் காணப்படும் தெள்ளு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தின் மிகச் சிறிய பகுதியே. பெண் தெள்ளொன்று நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரையில் இடவல்லது. அம்முட்டைகள் மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. பூனை படுத்துறங்கும் இடமெங்கும் உதிர்கின்றன. அவற்றினின்று வெளிவரும் குடம்பிகள் ஒளியை வெறுப்பவை. பாயின் மடிப்பு, கட்டிலின் அடி, அலுமாரியின் பின்புறம், திண்ணையோரத்து நிழல் மணல் ஆகிய இடங்களிற் புகுந்து, உதிர்ந்து கிடக்கும் தெள்ளெச்சத்தை உண்டு வளர்கின்றன. பின்னர் ஒவ்வொன்றும் ஒட்டுந்தன்மையுள்ள சிறு கூட்டினுட் கூட்டுப்புழுவாக ஒடுங்குகின்றது. சூடும் ஈரமும் பொருந்திய கரையோரத்தில் முட்டை முதல் நிறையுடலி வரையான வளர்ச்சி மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடக்கூடும். வேண்டுமாயின் கூட்டினுள்ளே பல மாதங்கள் காத்திருக்கவும் தெள்ளினால் இயலும். காலடியின் அதிர்வு, உடலின் வெப்பம், மூச்சுக் காற்று இவற்றை உணர்ந்தவுடனே வெளிப்பட்டுத் தாவும். நெடுநாட் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே சென்றவரின் கால்களிற் தெள்ளு மொய்ப்பதற்குக் காரணம் இதுவே. பூனையைத் துரத்திவிட்ட வீட்டில் முன்னிலும் அதிகமாக மனிதரைத் தெள்ளு கடிப்பதற்குக் காரணமும் இதுவே. உண்ணப் பூனை இல்லாதபோது அது வீட்டாரையன்றி யாரை நாடும்?

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வெயிலிற் காயும் வெளி மணலிற் குடம்பி உயிர்வாழாது. ஆயினும் நிழலும் ஈரமும் உள்ள மூலை ஒவ்வொரு வளவிலும் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி நிகழ்ந்த கடற்கோளின் பின்னர் கடலோரத்துக் குடும்பங்கள் பல உட்பகுதிகளிற் குடியேறின. மதிலோடு மதிலாக வீடுகள் அமைந்த இடங்களில் ஒரு பூனை ஐந்தாறு வீடுகளுக்குச் சொந்தமாக இருப்பதைக் காணலாம். அத்தகைய தெருவில் ஒரு வீட்டார் மட்டும் மருந்திடுவதாற் கிடைக்கும் பயன் குறைவு. அயலவர் கூடி ஒரே வாரத்தில் எல்லாப் பூனைகளுக்கும் மருந்திடுவதே நலம்.

தெள்ளை ஒழிக்கப் பிடரியிற் துளியாக இடும் மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. பிப்புரோனில், செலமெக்கிரின் என்பன அவற்றுட் சில. பூனை நக்க முடியாத இடமாதலாற் பிடரி தெரிந்தெடுக்கப்பட்டது. மாதம் ஒரு முறையாகக் குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து இடல் வேண்டும். கூட்டினுள் ஒளிந்திருப்பவை வெளிவந்து சாகும் வரையிற் காத்திருக்க வேறு வழியில்லை. பிள்ளைகள் முயல் வளர்க்கும் வீடுகளிற் பிப்புரோனிலை முயலின்மீது இடலாகாது. அது முயலுக்கு நஞ்சாகும். எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டிகளுக்குப் பேன்சீப்பும் இளஞ்சூடான சவர்க்கார நீருமே தக்க மருந்து. குட்டியின் முரசு வெளிறியிருந்தால் தெள்ளு அதன் இரத்தத்தை மிகுதியும் குடித்துவிட்டதென அறிந்து உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வாறு இறக்கும் குட்டிகள் பல. மருந்திடும் அதே நாளில் பூனை படுக்கும் துணிகளைக் கொதிநீரில் அவித்துத் தோய்த்து வெயிலில் உலர்த்துதலும், பாய்களைத் தட்டி வெயிலில் விரித்தலும், கட்டிலின் அடியை நாள்தோறும் கூட்டிக் குப்பையை எரித்தலும் மருந்தின் பாதிப் பலனைத் தருவனவாம்.

சில பூனைகளுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாது. இரண்டொரு கடியே போதும். முதுகின் பின்பகுதி முழுவதும் சிறு பருக்கள் தோன்றி, மயிர் உதிர்ந்துவிடும். தெள்ளை விழுங்கும் பூனையின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்வதும் உண்டு. வாலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரிசி போன்ற துண்டுகள் அப்புழுவின் துண்டங்களாகும். தவழும் குழந்தை தரையில் அகப்படும் தெள்ளைத் தவறி விழுங்கினால் அதற்கும் இப்புழு உண்டாகலாம்.

மெய்யான சொறி என்று கூறத்தக்கது சிற்றுண்ணியால் வருவது. கண்ணுக்குத் தெரியாத இச்சிறு பிராணி தோலினுட் சுரங்கம் அகழ்ந்து அங்கேயே முட்டையிடுகின்றது. பூனைகளில் இது காதின் ஓரத்திற் தொடங்கும். பின்னர் நெற்றி, கண்ணிமை, கழுத்து என்று பரவி, சுருண்டு உறங்கும்போது முகம் படும் பாதங்களுக்கும் வாலடிக்கும் செல்லும். தோல் தடித்துச் சுருங்கிச் சாம்பல் நிறப் பொருக்குப் படர்வதால் இளம் பூனையும் கிழப் பூனை போலத் தோன்றும். தினவு மிகக் கொடிது. உண்ணாமல் மெலிந்து, புண்களிற் சீழ் வைத்து, கவனியாது விட்டால் உயிரே போகும். எனினும், பார்வைக்கு இத்துணை அருவருப்பான இந்நோய் மருந்துக்கு விரைவிற் பணியும் நோய்களுள் ஒன்றாகும். கைவிடப்படும் பூனைகளுள் மிகப் பலவற்றை இரண்டு மூன்று வேளை மருந்தினாற் குணப்படுத்தியிருக்கலாம். வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து நோயை உறுதிப்படுத்துவார். முட்டை முதல் மறு முட்டை வரையான காலம் மூன்று வாரமளவில் ஆதலின் முதல் மருந்துக்குப் பின்னர் பொருக்கு உதிர்ந்துவிட்டதென்று நிறுத்திவிடலாகாது.

இவ்வாறான சொறிக்கு இடப்படும் ஐவமெக்கிரின் என்னும் மருந்து யப்பானில் எடுக்கப்பட்ட ஒரு பிடி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது. 1981 இல் அது கால்நடை மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. பின்னர் மனிதரின் நோய்களுக்கும் பயன்பட்டது. அதனைக் கண்டறிந்த ஒமுரா, கம்பெல் என்னும் இருவரும் 2015 இல் நோபெற் பரிசு பெற்றனர். நிறையறிந்து இட்டால் அமிர்தம். மாட்டுக்குரிய அளவைக் கண்மதிப்பாற் குறைத்துப் பூனைக்கு ஏற்றினால் நரம்பு தாக்கப்பட்டுப் பூனை தள்ளாடி விழும். ஆகவே இதனை வைத்தியரே இடல் வேண்டும்.

காதினுள் மட்டும் வாழும் வேறொரு சிற்றுண்ணியும் உண்டு. கோப்பித்தூள் போன்ற கருமையான அழுக்குக் காதினுட் திரண்டிருத்தலும் பூனை தலையை உதறிக் காதைப் பின்னங்காலாற் கிழித்துக்கொள்ளுதலும் அதன் அடையாளம்.

படர்தாமரை இவற்றின் வேறானது. இது புழுவாலோ பூச்சியாலோ வருவதன்று, பங்கசினால் வருவது. வட்டமாக மயிர் உதிர்ந்து, ஓரத்திற் செதில் தோன்றும். தினவு குறைவாகவே இருக்கும், சிலவற்றில் இராது. எவ்வித அடையாளமும் இல்லாத பூனையும் இதனைச் சுமந்து திரியலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தலையில் வட்டமாக மயிர் கொட்டி, மற்றொரு பிள்ளைக்குக் கையிற் செந்நிற வளையம் தோன்றிய பின்னரே பூனையின்மேல் ஐயம் எழுவதுண்டு. உதிர்ந்த மயிரிலுள்ள வித்திகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியவை. பாய், தலையணை, தொழுகை விரிப்பு, சீப்பு ஆகியவற்றில் ஒட்டியிருந்து மீண்டும் மீண்டும் நோயைத் தரும். மருந்து வாரக்கணக்காகத் தொடரும். பூனையைச் சில காலம் தனியறையில் வைத்து, அவ்விடத்தை நாள்தோறும் கூட்டித் துடைத்தல் அவசியம். பிள்ளைகளுக்கு மருந்துக்கடையில் வாங்கும் பல மருந்து கலந்த களிம்புகளிற் சில, சிவப்பை மறைத்துவிட்டு நோயை உள்ளே பரவவிடுவன. மனிதருக்கு உரிய மருந்தை மனித வைத்தியரே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் நலம். பூனைச் சொறியிலிருந்து மனிதருக்கு ஒட்டும் சிற்றுண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. முன்கையிலும் வயிற்றிலும் சிறு பருக்கள் எழுந்து அரிக்கும்; பூனை குணமானபின் சில வாரங்களிற் தாமே மறையும். ஆனால் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தோன்றி, இரவில் உறங்கவிடாது அரித்து, வீட்டார் அனைவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பற்றுவது மனிதருக்கே உரிய சிரங்காகும். அது மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றுகின்றது. பிள்ளைகள் பலர் ஒரே பாயில் உறங்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் அது பரவியபோது பூனையைப் பழிசொல்லித் துரத்துவதாற் சிரங்கு மாறாது. வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும்.

வேறு காரணங்களுஞ் சில உள. வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் வெயிலினாற் சிவந்து பொருக்குத் தோன்றி ஆறாதிருந்தால் அது சொறியன்று. புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். நுளம்புக் கடி ஒவ்வாத பூனைகளுக்கு மூக்கின் மேற்புறத்திற் புண்கள் தோன்றும். உணவு ஒவ்வாமையும் உண்டு. மீன் பூனையின் இயல்பான உணவென்று கருதுவோர் இதனை நம்பார். ஆனால், பூனைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் உணவுகளுள் மாட்டிறைச்சி, கோழியிறைச்சியோடு மீனும் முன்னிற்கின்றது. கரைவலை இழுபடும் ஊரில் மீனை நிறுத்திப் பார்ப்பது எளிதன்று. எனினும் தெள்ளும் சிற்றுண்ணியும் இல்லையென்று தெளிந்த பின்னரும் முகமும் கழுத்தும் அரித்துக்கொண்டேயிருந்தால், எட்டு வாரங்கள் வேறு உணவு கொடுத்துப் பார்க்கும்படி வைத்தியர் கூறுவார்.

ஆடுகளிலும் சிற்றுண்ணிச் சொறி முகம், காது, கண்ணைச் சுற்றிய இடம், தொடையிடுக்கு ஆகியவற்றிற் தொடங்கித் தோலைத் தடிக்கச் செய்கின்றது. மாரி காலத்தில் நனைந்த நிலத்தில் நெருக்கமாக அடைபட்ட ஆடுகளிற் பேன் பெருகும். மயிரை விலக்கிப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். உயர்த்திய பலகைத் தளமும் கூரையும் இருந்தால் இத்தொல்லைகள் பெரிதும் குறையும். உதட்டிலும் வாயோரத்திலும் தடித்த பொருக்குகள் தோன்றினால் அது வாய்ச்சொறியாகும். அது வைரசு நோய். ஐவமெக்கிரின் அதனைத் தொடாது; பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களிற் தானாக மாறும். பாலருந்த இயலாத குட்டிகளுக்குப் பால் கறந்து ஊட்டுதலே முதற் கடமை. இந்நோய் மனிதரின் விரல்களிலும் கட்டி போல எழும். ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி ஆட்டுத் தலைகளைக் கையாண்டோரின் கைகளில் இது தோன்றிய செய்தி துருக்கி முதலிய நாடுகளின் வைத்திய ஏடுகளில் வெளிவந்துள்ளது. கையுறை அணிந்தும், கையில் வெட்டுக்காயமுள்ளோர் ஒதுங்கியும் இருந்தால் இதனைத் தவிர்க்கலாம்.

குர்பானுக்கென ஆடு வளர்ப்போர் சொறியைச் சிறிய குறையாக எண்ணலாகாது. ஷாபிஈ மத்ஹபின் நூல்களிற் சிறிதளவு சொறியும் உழ்ஹிய்யாவுக்குத் தடையாகும் என்பதே வலுவான கூற்றாகும். தனிப்பட்ட ஐயங்களுக்கு ஊர் ஆலிம்களிடமே விளக்கம் பெறவேண்டும். ஆண்டு முழுவதும் குழையும் தவிடும் கொடுத்து வளர்த்த கடா, பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னர் காதோரத்தில் அரித்துக்கொண்டு நின்றால், அப்போது ஊசி ஏற்றிப் பயனில்லை. ஏனெனில் மருந்தேற்றிய ஆட்டின் இறைச்சியில் அம்மருந்து பல நாட்கள் தங்கியிருக்கும். வைத்தியர் கூறும் காலம் கழிந்த பின்னரே அதனை உண்ணலாம். பாலுக்கும் இவ்விதியே. ஆகவே பெருநாளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே ஆட்டை வைத்தியருக்குக் காட்டி, மருந்திட்ட திகதியை எழுதிவைத்தல் வேண்டும். வெளியூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் வேறாகக் கட்டிய பின்னரே ஏனையவற்றோடு சேர்க்க வேண்டும். பெருநாளுக்கு முந்திய வாரங்களிற் பல திசைகளிலிருந்தும் வரும் ஆடுகள் ஒரே கயிற்றுத் தூணைச் சுற்றி நிற்பதாற் சொறி பரவுவதற்கு அதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

மாட்டின் தோலிற் கட்டி கட்டியாக எழும் பெரியதோல்கழலை நோய் 2020 இல் இலங்கையின் வடபகுதியில் முதலில் அறியப்பட்டது. காய்ச்சலோடு வரும் அந்நோயைச் சொறியென்று கருதி வீட்டு மருந்து செய்யாது உடனே கால்நடை அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வீட்டு மருந்துகளைப் பற்றியும் கூறவேண்டியிருக்கின்றது. கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயிற் குழைத்துப் பூசுவது பழைய முறை. ஆட்டுச் சொறிக்கு அதனாற் பயனுண்டு. ஆனால் ஆட்டுக்குப் பொருந்துவன எல்லாம் பூனைக்குப் பொருந்தா. பூனை தன் உடலிற் படும் யாவற்றையும் நக்கி உட்கொள்வது. மேலும் சில பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை. மண்ணெண்ணெயும் வாகனக் கழிவெண்ணெயும் தோலை எரித்து நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கும். உள்ளி பூனையின் குருதிக் கலங்களை அழிக்கும். வேப்பெண்ணெய் நல்லதென்று தாராளமாகப் பூசப்பட்ட பூனை வாயில் நுரை தள்ளி நடுங்கலாம். நீருடன் பாலாகக் கலங்கும் பீனோல் வகைக் கிருமிநாசினிகளாற் பூனையைக் குளிப்பாட்டலாகாது.

இவை யாவற்றிலும் கொடியது, வயலுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிநாசினியைத் தண்ணீரிற் கரைத்துப் பிராணியின்மேல் ஊற்றுவதாகும். மேற்கே நெல் வயல்கள் பரந்துகிடக்கும் இப்பகுதியில் அத்தகைய போத்தல்கள் பல வீடுகளில் உள்ளன. அந்நஞ்சு தோலின் வழியே உட்சென்று உமிழ்நீர் பெருகச் செய்து, தசைகளைத் துடிக்கவைத்து, மூச்சை நிறுத்தும். அப்பிராணியைத் தூக்கும் பிள்ளைக்கும் தீங்கு செய்யும். நாய்க்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகளிற் பலவற்றிற் பேர்மெத்திரின் என்னும் பொருள் உள்ளது. நாய் அதனைத் தாங்கும், பூனை தாங்காது. சிறிதளவு மருந்தாலும் வலிப்புக் கண்டு இறக்கக்கூடும். போத்தலில் நாயின் படம் மட்டும் இருந்தால் அதனைப் பூனைக்கு இடவே கூடாது. தவறி இட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் இளஞ்சூடான நீரும் கொண்டு உடனே கழுவித் துவாயாற் சுற்றி, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் விரைய வேண்டும்.

வேதனையிலுள்ள பூனை எவ்வளவு சாதுவாயினும் கடிக்கும். தெருப் பூனை கடித்தாலும் கீறினாலும் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி அன்றே ஆசுப்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விசர்நோய் நாயினால் மட்டும் வருவதன்று.

கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்லும்போது பூனையைச் சாக்கிலன்றி, துளையிட்ட பெட்டியிலோ மூடியுள்ள கூடையிலோ கொண்டுசெல்லல் வேண்டும். செல்வதற்கு முன் இரண்டு மூன்று நாட்களுக்கு எதையும் பூசாதிருத்தல் நன்று. எண்ணெய் பூசிய தோலைச் சுரண்டி நோயை அறிவது கடினம். தினவு முதலில் எங்கே தொடங்கியது, எத்தனை நாளாயிற்று, வீட்டிலோ அயலிலோ வேறு பிராணிக்கு உண்டா, பிள்ளைகளுக்கு அரிப்பு உண்டா, இதுவரை என்ன மருந்து இட்டார்கள் என்னும் ஐந்தையும் வைத்தியர் கேட்பார். கடைசிக் கேள்விக்கு வெட்கத்தால் உண்மையை மறைப்போர் பலர். முன்னர் இட்ட மருந்தின்மேல் மறு மருந்து சேர்ந்து பிராணி இறக்கக்கூடுமாதலால், மண்ணெண்ணெய் பூசியிருந்தாலும் வயல் மருந்து ஊற்றியிருந்தாலும் அதனை அவ்வாறே கூறிவிடல் வேண்டும்.